பல்லுக்கு அளவெடுத்த சட்டை

கொங்கு நாட்டில் பல்லைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அது மாட்டுப் பல். சித்திரையில் கண்ணபுரத்துச் சந்தைக்கோ, ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைக்கோ போய்ப் பாருங்கள். காளையின் நிறம், திமில், கொம்பு, சுழி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாங்குகிறவர் அதன் தாடையைப் பிடித்து உதட்டை விலக்குவார். "ரெண்டு பல்லுங்க", "நாலு பல்லுங்க", "கடை சேர்ந்தாச்சுங்க" என்று ஒரே வார்த்தையில் வயதைச் சொல்லி முடித்துவிடுவார். அந்த மனிதரிடமே, "உங்கள் பையனுக்குப் பல்லெல்லாம் எப்படி?" என்று கேட்டால் திகைத்துப் போவார். "அதுக்கென்னங்க, நல்லாத் திங்கிறானுங்களே!" என்பார்.

மாட்டின் வாய்க்குள் இன்னொரு விசேஷமும் உண்டு. மேல்வரிசையில் அதற்கு முன்பற்களே கிடையாது. அந்த இடத்தில் தடித்துக் காய்த்துப் போன ஈறுதான் மெத்தைபோல் அமைந்திருக்கிறது. கீழ்ப்பற்களை அதன்மேல் அழுத்தித்தான் மாடு புல்லைக் கடிக்கிறது. முட்டி மோதிப் பிழைக்க வேண்டிய பிராணி என்று பார்த்துக் கடவுள் அங்கே மெத்தை தைத்து அனுப்பினாரோ என்னவோ! மனிதனும் முட்டி மோதப் போகிறான் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். மேல்வரிசையின் நட்டநடுவில், அடிபடுவதற்கென்றே முன்னால் எடுத்து வைத்ததுபோல் இரண்டு பெரிய பற்களைக் கொடுத்துவிட்டார். விளையாட்டில் பல்லை இழக்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் போவது அந்த இரண்டில் ஒன்றுதான்.

என் மனைவியின் அண்ணன் மகனுக்குப் போனதும் அதுதான்.

பையன் கோயமுத்தூரில் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். படிக்கிறான் என்று நான் சொல்வது மரியாதைக்காக. உண்மையில் கபடி ஆடுகிறான். முன்பெல்லாம் சடுகுடு என்றால் புழுதித் தரையில் கோடு கிழித்து, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, பொழுது சாயும் வரையில் ஆடுகிற ஆட்டம். இப்போது அது ராத்திரி ஆட்டமாகிவிட்டது. திருச்செங்கோடு, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களில் கோயில் நோம்பி வந்தால் தேருக்கு அடுத்தபடி கபடிதான். பகலைத் தோற்கடிக்கும் விளக்குகள், தொண்டை கிழியக் கத்தும் ஒலிபெருக்கி, ரிக் வண்டிக்காரர் கொடுக்கும் சுழற்கோப்பை, சில ஊர்களில் ஆட்டுக்கிடாய். 1990-இல் பீகிங் ஆசிய விளையாட்டில் கபடியைச் சேர்த்த பிறகு இந்த ஆட்டத்துக்கு ஒரு கௌரவமும் வந்துவிட்டது. நன்றாக ஆடுகிற பையனுக்குப் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்கலாம். ஆகவே, 'ஆடாதே' என்று வீட்டில் சுலபமாகச் சொல்லிவிடவும் முடிவதில்லை.

இவன் மூலையில் நிற்கிறவன். எதிரணிக்காரன் பாடி வரும்போது அவன் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது இவன் வேலை. கணுக்காலைப் பிடிக்கப் பாய்கிறவனுக்கு முகம் எங்கே இருக்கும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். எதிராளியின் குதிகாலுக்கு நேரே இருக்கும். பங்குனி மாதத்தில் ஒரு ராத்திரி, பதினோரு மணி சுமாருக்கு, அந்தக் குதிகால் வந்து தாக்கியது. ஒரு பல் வேரோடு போயிற்று. பக்கத்துப் பல்லில் ஒரு சில்லுப் பெயர்ந்தது. புள்ளி என்னவோ இவன் அணிக்குத்தான்.

பல்லைத் தேடி எடுத்தார்கள். பத்துப் பதினைந்து பையன்கள் கைபேசி வெளிச்சத்தில் மண்ணைத் துழாவினார்களாம். அகப்பட்ட பல்லை என் மைத்துனர் கைக்குட்டையில் முடிந்து பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் அப்பத்தாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சாணியில பொதிஞ்சு கூரைமேல வீசீருங்க சாமி, மொளச்சுக்கும்" என்றாளாம். ஏழு வயதுப் பேரன்களுக்கெல்லாம் அவள் அப்படித்தான் செய்திருக்கிறாள், முளைத்தும் இருக்கிறது. "அப்பத்தா, இது இனி மொளைக்காதுங்க" என்று பையன் சொல்ல, அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்ததாம்.

மறுநாள் காலையில் கோயமுத்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு பல் டாக்டரிடம் போனோம். அவர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். "ஏனுங்க, உங்க ஊர்ல எருமை இல்லீங்களா?" என்று கேட்டார். மைத்துனருக்கு விளங்கவில்லை. எட்டு உருப்படி கட்டியிருப்பதாகச் சொன்னார். "ஒரு டம்ளர் பால்ல போட்டு ராத்திரியே கொண்டாந்திருந்தா ஒட்ட வெச்சிருக்கலாமுங்களே!" என்றார் டாக்டர்.

இதைச் சற்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் வீட்டிலும் பையன்கள் இருப்பார்கள். வேரோடு விழுந்த பல் உடனே செத்துப்போவதில்லை. அதன் வேரைச் சுற்றி உயிருள்ள மெல்லிய நார்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை காய்ந்தால்தான் பல் போயிற்று. ஆகையால் விழுந்த பல்லை வேர்ப்பக்கம் தொடாமல், வெளியே தெரியும் வெள்ளைப் பாகத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் இருந்தால் ஒரே ஒரு தரம் நீரில் அலசலாம். தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. தைரியமுள்ளவர்கள் அதே குழியில் திரும்பச் செருகி, ஒரு துணியைக் கடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடலாம். அதுதான் எல்லாவற்றிலும் உத்தமம். முடியாதவர்கள் பாலில் போட்டு எடுத்துப் போக வேண்டும். அரைமணி, ஒருமணிக்குள் போய்ச் சேர்ந்தால் பிழைக்க வழியுண்டு. இளநீரில் போட்டாலும் தாங்குமா என்று பல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தாங்கும் என்று சிலரும், அதன் புளிப்பு ஆகாது என்று சிலரும் சொல்கிறார்கள். பொள்ளாச்சிக்காரர்களுக்கு வருத்தம்தான்; என்றாலும் இப்போதைக்குப் பாலையே நம்பலாம். இதெல்லாம் பால்பல் விழுந்த குழந்தைக்குப் பொருந்தாது. பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது. அதற்கு அப்பத்தாளின் கூரையே போதும்.

எங்கள் பையனுக்கு ஒரு பல் பொய்ப்பல்லாயிற்று. சில்லுப் போன பல்லைப் பூசி ஒட்டிச் சரிசெய்தார்கள். அதோடு வீட்டில் ஒரு யுத்தம் மூண்டது. "இனி அந்த ஆட்டத்துக்குப் போனான்னா நான் கெணத்துலதான் உளுவணும். பல்லைக் காட்டிச் சிரிக்கிற வயசுல பல்லைத் தொலைச்சுப்போட்டு நிக்கிறான் பாருங்ணா!" என்று அவன் தாய் என்னிடம் முறையிட்டாள். பையன் ஒன்றும் பேசவில்லை. சோற்றைத்தான் குறைத்துக்கொண்டான். பேசுகிற பையனைச் சமாளித்துவிடலாம்; சாப்பிடாத பையனை எந்தத் தாயாலும் சமாளிக்க முடியாது. பத்து நாள் கழித்து டாக்டரிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். அவர், "ஆடட்டும் அம்மிணி. பல்லுக்கு ஒரு சட்டை தைச்சுப் போட்டு அனுப்புவோம்" என்றார்.

சட்டை என்று அவர் சொன்னது, குத்துச்சண்டைக்காரர்கள் வாய்க்குள் மாட்டிக்கொள்கிறார்களே, அந்தச் சாதனத்தை. மவுத் கார்டு என்கிறார்கள், டீத் கார்டு என்கிறார்கள். பல்காப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். டாக்டர் தைக்கிறவரைக்கும் பொறுக்க முடியாமல் பையன் விளையாட்டுச் சாமான் கடையில் ஆயத்தமாக ஒன்று வாங்கிக்கொண்டான். அதை மாட்டிக்கொண்டு பயிற்சி ஆட்டத்துக்குப் போனவன் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து அதை மேஜைமேல் எறிந்தான்.

"என்னப்பா?"

"பாட்டு வர்லீங் மாமா."

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. உலகத்தில் அநேக ஆட்டங்களை வாயை மூடிக்கொண்டு ஆடிவிடலாம். கபடி அப்படியல்ல. எதிர்க்களத்துக்குள் நுழைந்தவன் மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று நடுவருக்குக் கேட்கும்படி பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றாலோ குழறினாலோ நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். கடையில் விற்கிற ஆயத்தக் காப்பு யார் வாய்க்கும் பொருந்தும் என்கிறார்கள். யாருக்கும் பொருந்துவது என்றால் ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாது என்றுதான் பொருள். அது கழன்று விழாமல் இருக்கப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு யார் பாட முடியும்? பாடிப் போகிறவன்தானே வாய் திறக்க வேண்டும், பிடிக்கிறவன் மட்டும் போட்டுக்கொள்ளட்டுமே என்று நானும் ஒரு யோசனை சொன்னேன். "அடுத்த ரெய்டுக்கு என்னையே போகச் சொன்னா என்னங்க மாமா பண்றது? கழட்டி டவுசர் பையில போட்டுக்கறதுங்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து அச்சுப் பதித்துக்கொள்கிற இன்னொரு வகையும் கடையில் உண்டு. ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் கடிக்கிற வேகத்தில், காப்பு தடிமனாக இருக்க வேண்டிய இடமே நசுங்கி மெலிந்துவிடுகிறது. மூன்றாவது வகைதான் டாக்டர் சொன்னது. ஒருவன் வாய்க்கென்றே அளவெடுத்துச் செய்வது.

இந்தச் சாமானுக்கு ஒரு பூர்வோத்தரமும் உண்டு. லண்டனில் உல்ஃப் கிராஸ் என்ற பல் வைத்தியர் 1890-ஆம் ஆண்டு வாக்கில் குத்துச்சண்டைக்காரர்களுக்காக 'கட்டாபெர்ச்சா' என்ற பொருளைப் பட்டையாக வெட்டிப் பல்லின்மேல் வைத்து அனுப்பினார். அது மலாய் நாட்டு மரம் ஒன்றின் பால். இன்றைக்கும் பல்லில் வேர்ச் சிகிச்சை செய்துகொள்கிறவர்கள் அதைத்தான் வாய்க்குள் சுமந்து திரிகிறார்கள். குழியை அடைப்பது அந்தப் பாலால்தான். பிறகு அவர் மகன் பிலிப் கிராஸ், கழற்றி மாட்டக்கூடிய காப்பைச் செய்தார். ஆனால் மேடைக்காரர்கள் அதைச் சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அதைப் போட்டுக்கொள்வது அநியாய லாபம் என்று ஆட்சேபித்தார்கள். 1927-இல் மைக் மெக்டீக் என்பவர் ஜாக் ஷார்க்கியோடு மோதி, ஜெயிக்கிற நிலையில் இருந்தபோது, உடைந்த சொந்தப் பல்லே உதட்டைக் கிழித்து ரத்தம் நிற்காமல் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் காப்புக்கு மரியாதை வந்தது. நம் வட சென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்ததே, அந்த ஆட்டத்திலும் இன்று இது இல்லாமல் மேடை ஏற முடியாது. அமெச்சூர்ச் சண்டையில் சிவப்பு நிறக் காப்பு கூடாது என்றுகூட ஒரு விதி உண்டு. சிவப்பாக இருந்தால் ரத்தம் எது, ரப்பர் எது என்று நடுவருக்குத் தெரியாமல் போய்விடும் அல்லவா?

அளவெடுக்கிற அன்று நானும் உடன் போயிருந்தேன். வேடிக்கை பார்ப்பதற்குத்தான். பார்த்த பிறகு, இது பல் வைத்தியமா, பீளமேட்டு வார்ப்படப் பட்டறை வேலையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பம்பும் மோட்டாரும் செய்கிற ஊரில் இந்தத் தொழிலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலில் பேட்டர்ன், அப்புறம் அச்சு, அப்புறம் வார்ப்பு. இங்கே பேட்டர்ன் என்பது பையனின் பல்வரிசை. அச்சுக்கு மணல் அல்ல, அல்ஜினேட் என்ற பொடி. மண்டபம், ராமேஸ்வரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் ஒரு வகையிலிருந்து இந்தச் சரக்கை எடுக்கிறார்கள் என்று கேட்டு ஆச்சரியப்பட்டேன். பொடியையும் தண்ணீரையும் ஒரு ரப்பர்க் கிண்ணத்தில் போட்டு ஒரு நிமிஷத்துக்குள் அடித்துக் குழைக்க வேண்டும். தோசைமாவுப் பதம் தாண்டி, களிப் பதம் வருவதற்குள் வாய்க்குள் போயாக வேண்டும். வெயில் காலத்தில் அவசரமாக இறுகிவிடும் என்பதற்காகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். துளை போட்ட ஒரு தட்டில் நிரப்பி மேல்வரிசையில் அழுத்தினார். "தலையை முன்னால சாய்ச்சுக்க கண்ணு. மூக்குல மூச்சு உடு" என்றார். இரண்டு மூன்று நிமிஷம். பையன் கண்ணில் நீர் வழிந்தது. தட்டைப் பிடுங்கியதும், ஒரு பல் இல்லாத அவன் மேல்வரிசை முழுவதும் அதில் குழிகுழியாகப் பதிந்திருந்தது.

அந்த அச்சைத் தாமதிக்காமல் கழுவி, பல் வைத்தியத்துக்கென்று வரும் கெட்டிச் சுண்ணத்தைக் கரைத்து ஊற்றினார். ஆறப் போட்டால் ஈரம் சுண்டி அச்சுச் சுருங்கிவிடுமாம். ஒரு மணி நேரத்தில் பையனின் பல்வரிசை கல்லாக மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

மேலே போர்த்துகிற துணி, ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் தகடு. செருப்பின் அடிப்பாகத்துக்கு மெத்தை போடுகிறார்களே, அதற்கு நெருங்கிய உறவு. நாலு மில்லிமீட்டர் தகட்டை ஒரு யந்திரத்தில் மாட்டிச் சூடு காட்டினால், தொட்டில் துணிபோல் நடுவில் தொய்கிறது. சரியான தொய்வு வந்ததும் கல்பல்லின்மேல் இறக்கி, கீழேயிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அப்படியே ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. முற்றும் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். இதில் ஒரு சூட்சுமம். பரோட்டா மாவை இழுக்க இழுக்க மெலிகிறதல்லவா? அதுபோல இந்தத் தகடும் பல்லின் விளிம்பு வரும் இடத்தில் பாதிக்குப் பாதிகூட மெலிந்துபோகும். அடிபடுவதோ அந்த இடம். ஆகையால் நல்ல வைத்தியர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தகடு ஒட்டுகிறார்கள். முன்பக்கம் மூன்று மில்லிமீட்டர், கடிக்கிற இடத்தில் இரண்டு, நாக்குப் படும் உள்பக்கத்தில் ஒன்று என்று கடைசியில் கணக்கு நிற்க வேண்டும்.

இந்த உள்பக்கத்து ஒரு மில்லிமீட்டரில்தான் எங்கள் காரியம் சிக்கிக்கொண்டது. முதல் தடவை மாட்டிப் பார்த்தபோது காப்பு பிரமாதமாக உட்கார்ந்தது. வாயை அகலத் திறந்தாலும் விழவில்லை. தண்ணீர்கூடக் குடித்துக் காட்டினான். "சரி, பாடு" என்றேன். "கபதி, கபதி" என்றான்.

கபடி என்கிற வார்த்தையை நாம் மூன்றெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வாய் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிற வார்த்தை. 'க' அடித்தொண்டைப் பக்கத்தில் பிறக்கிறது. 'ப' வுக்கு உதடு இரண்டும் கூட வேண்டும். முன்பக்கம் தடித்துப் போனால் உதடு கூடாது. 'டி' க்கு நாக்கு நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும். உள்விளிம்பு தடித்துப் போனால் நாக்கு அதில் இடறி விழும். ஒரு காப்பு சரியாகத் தைத்ததா என்று பார்க்க இதைவிட நல்ல பரீட்சை எந்தப் பல் மருத்துவப் புத்தகத்தில் இருக்கப் போகிறது? டாக்டரும் பிடிவாதக்காரர். உள்விளிம்பைச் சாய்வாகச் சீவினார். இன்னொரு தடவை வரச் சொல்லிக் கொஞ்சம் மழித்தார். மூன்றாம் தடவை பையன் நாற்காலியில் சாய்ந்தபடியே மூச்சுப் பிடித்து, முழு ரெய்டுக்குரிய முப்பது விநாடியும் 'கபடி கபடி' என்று பாடித் தீர்த்தான். வெளியே காத்திருந்த நோயாளிகளில் ஓர் அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

காப்பு மாட்டிக்கொண்டால் மூளைக்கு அதிர்ச்சி ஏற்படாது என்று சில வியாபாரிகள் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான அத்தாட்சி இல்லை, நம்ப வேண்டாம். 2024 முதல் பெரிய ரக்பி ஆட்டங்களில் காப்புக்குள்ளேயே ஒரு கருவியை வைத்துத் தலை எவ்வளவு குலுங்கியது என்று அளக்கிறார்கள். அது அளக்குமே தவிரத் தடுக்காது. பல்லைக் காப்பதில் சந்தேகமில்லை. நியூஜிலாந்தில் 1998-லிருந்து ரக்பிக்காரர்கள் எல்லோரும் இதை அணிய வேண்டும் என்று கட்டாயம் செய்தார்கள். அங்கே விபத்துக்கு நஷ்டஈடு தருவது அரசாங்க ஸ்தாபனம். ஆகவே கணக்குச் சுத்தமாக இருக்கிறது. 1995-க்கும் 2003-க்கும் நடுவில் ரக்பியில் பல் போனதற்காக வந்த விண்ணப்பங்கள் நூற்றுக்கு 43 குறைந்துவிட்டன.

நம் பக்கத்தில் கட்டாயம் இல்லாவிட்டாலும் வசதி இல்லாமல் இல்லை. கோவை, சூலூர், திருச்செங்கோடு, குமாரபாளையம் எல்லா இடத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அச்செடுக்கப் பழகுகிற மாணவர்கள் ஒரு பக்கம். பல்லைப் பறிகொடுக்கிற பையன்கள், பஸ் ஏறினால் அரைமணி தூரத்தில், இன்னொரு பக்கம். சுழற்கோப்பைக்குப் பணம் கொடுக்கிற ரிக் வண்டிக்காரரில் யாராவது ஒருவர், ஒரு வருஷம் கோப்பையின் உயரத்தில் ஒரு சாண் குறைத்துக்கொண்டு, ஏழு பையன்களுக்குப் பல்காப்புச் செய்து கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. மைத்துனரிடம் சொன்னேன். "கோப்பைன்னா மேல பேர் எழுதலாமுங்க மாப்பிள்ளை. பல்லு மேல எங்க எழுதறது?" என்றார்.

பையன் இப்போது ஆடுகிறான். பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் களத்தில் இறங்குகிறான். ஆட்டத்தின் நடுவில் அது கழன்று தொண்டைக்குள் போனால் ஆபத்து. காப்பைப் பச்சைத் தண்ணீரில் கழுவி, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைக்கிறான். மே மாதத்தில் அதை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து மறந்தால் உருகிக் கோணிவிடும் என்பதால் டப்பா எங்கள் வீட்டு மண்பானை பக்கத்தில் வாசம் செய்கிறது. இரண்டு தரம் முகத்தில் அடிபட்டிருக்கிறான். ஒரு தரம் உதடு வீங்கிற்று. பல்லுக்கு ஒன்றும் இல்லை. அவன் தாய் ஆட்டம் பார்க்க வருவதில்லை. முடிந்ததும் கைபேசியில் முகத்தைக் காட்டச் சொல்லி, "ஈ காட்டு" என்கிறாள். அவன் ஈ காட்டுகிறான்.

அவன் அணியிலிருந்து மூன்று பேர் போன வாரம் அதே டாக்டரிடம் போனார்கள். ஒருவன் அச்சுக் கொடுத்துவிட்டான். இன்னொருவனுக்குக் கடைவாயில் சொத்தை இருந்தது. அதை அடைத்த பிறகுதான் அளவு என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாமவன், நாலு பேர் சேர்ந்து மேலே விழுந்து அமுக்கினாலும் கோட்டைத் தொட்டுவிடுகிற பலசாலி, தட்டு வாய்க்குள் போனதும் குமட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவிட்டான். வருகிற புதன்கிழமை சாப்பிடாமல் வரச் சொல்லியிருக்கிறார்.